யூரிமாரும் லவலே வழக்கும்

தற்காப்பு என்னும் ஆங்கிலச் சட்டக் கோட்பாடு, சமவலியுடைய இரு ஆடவர் மதுச்சாலையிலே மோதிக்கொள்ளும் காட்சியை மனத்திற்கொண்டு வளர்ந்ததாகும். ஆண்டுக்கணக்கில் அடியுண்ட பெண்ணுக்கு அவ்வளவுகோல் பொருந்துமா என்ற வினாவைக் கனடாவில் எழுப்பியது லவலே வழக்கு.

1986 ஓகஸ்டில், மனிற்றோபா மாகாணத்திலே, லவலே என்பவள் தன்னோடு வாழ்ந்தவன் அறையைவிட்டு வெளியேறுகையில் அவனைப் பின்னிருந்து சுட்டுக் கொன்றாள். விருந்தினர் போனபின் தன்னைத் தொலைப்பதாக அவன் மிரட்டினான் என்பது அவளது வாக்குமூலம். முன்னொருகால் குதிரையிலிருந்து விழுந்ததாக அவள் கூறிய காயங்களைக் குறித்து, அக்கூற்றைத் தாம் நம்பவில்லை என வைத்தியர் சாட்சியமளித்தார். யூரி அவளை விடுதலை செய்தது. 1988 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுவிசாரணைக்குக் கட்டளையிட்டது. உயர் நீதிமன்றமோ 1990 மே 3 இல் விடுதலையை மீள நிலைநாட்டிற்று.

நீதியரசர் பேர்த்தா வில்சன் அம்மையாரின் தீர்ப்பே ஈண்டு நுணுகி நோக்கற்பாலது. அவள் ஏன் வீட்டைவிட்டுப் போகவில்லை என்பதே சாதாரண யூரரின் உள்ளத்தில் எழும் ஐயம். போகாதவள் பொய் சொல்கிறாள், அன்றேல் அடியை விரும்பினாள் என அவர் முடிவு கட்டிவிடக்கூடும். இக்கட்டுக்கதையைக் களைய உளமருத்துவரின் சாட்சியம் வேண்டும் என்றார் வில்சன். எனினும் முடிவு யூரிக்கே உரியது. (சட்ட அறிஞர் ஈராண்டுக்கு மேலாக வாதிட்டதை யூரிமார் முன்னரே விளங்கிக்கொண்டனர் போலும்!)

ஆயினும் இச்சாட்சியம் வேறொரு வார்ப்பையும் ஈன்றது. எதிர்த்துப் போராடியவள், தனித்து உழைத்து வாழ்பவள் ஆகியோர் 'செயலற்ற பெண்' என்ற அச்சுக்குள் அடங்காமையால் யூரிமாரின் நம்பிக்கையை இழக்கலாம் என்று அதே நீதிமன்றத்தின் இரு பெண் நீதியரசர்கள் 1998 இல் எச்சரித்தனர்.