காதலும் ஜாதியும்: ‘அச்சூத் கன்யா’ புகட்டும் பாடம்

காதற் கதைகள் பல வெள்ளித்திரையில் தோன்றி மறைந்தன. மன்னன் மகளையும் மாடமாளிகையையும் கண்டு களித்த மக்கள் மறுநாளே அவற்றை மறந்தனர். ஆனால், 1936-ஆம் ஆண்டில் பம்பாய் டாக்கீஸார் வெளியிட்ட ‘அச்சூத் கன்யா’ என்னும் ஹிந்திப் பேசும்படம் அவ்வாறு மறக்கற்பாலதன்று. ‘தீண்டத்தகாத பெண்’ என்பது அப்பெயரின் பொருள். ஒரு தேசத்தின் மானக்கேடு படத்தின் பெயரிலேயே பொறிக்கப்பட்டிருத்தல் காண்க!

கதை எளியது. ரயில்வே கேட் காவற்காரன் துக்கியா, தீண்டாதவன் என ஒதுக்கப்பட்ட குலத்தான். மளிகைக் கடை நடத்தும் மோகன் பிராமணன். பாம்பு கடித்த மோகனின் உயிரைத் துக்கியா காப்பாற்றியதால் இருவரும் நண்பராயினர். உயிர் போகும் வேளையில் தீட்டு எங்கே போயிற்று? துக்கியாவின் மகள் கஸ்தூரியும் மோகனின் மகன் பிரதாபும் ஒருங்கு வளர்ந்து காதல் கொள்கின்றனர். நோயுற்ற துக்கியாவை மோகன் தன் வீட்டில் வைத்துப் பேணியதையே பொறாத ஊரார், திரண்டு வந்து தாக்குகின்றனர். அத்தகையோர் இக்காதலைப் பொறுப்பரோ? இருவரும் தத்தம் ஜாதியிலேயே மணக்க நேர்கிறது. முடிவில், கஸ்தூரியின் கணவன் மன்னு, ஐயங்கொண்டு பிரதாபை ரயில் பாதையிலேயே தாக்குகிறான். விரைந்து வரும் வண்டியை நிறுத்த ஓடிய கஸ்தூரி அதற்கே பலியாகிறாள்.

ஹிமான்சு ராய் தயாரித்த இப்படத்தை நெறிப்படுத்தியவர் பிரான்ஸ் ஆஸ்டன் என்னும் ஜெர்மானியர். கதை நிரஞ்சன் பாலுடையது. கஸ்தூரியாகத் தேவிகா ராணியும், பிரதாபாக அசோக் குமாரும் நடித்துத் தம் குரலிலேயே பாடினர். இருவரும் சங்கீத வித்துவான்களல்லர். ஆதலின், இசையமைத்த சரஸ்வதி தேவி அவர்கள் குரலுக்கிசைந்த எளிய மெட்டுக்களையே வகுத்தார். காதலர் தம்மைக் காட்டுப் பறவைகளாய்ப் பாவித்துப் பாடும் பாட்டு இன்றும் அழியாதிருப்பது அவ்வெளிமையினாலன்றோ?

அந்த அம்மையாரின் கதையும் அறியத்தக்கதே. பார்ஸி வகுப்பிற் பிறந்த அவருடைய இயற்பெயர் கோர்ஷேத். தம் வகுப்புப் பெண் சினிமாவிற் புகுவதா எனப் பார்ஸிகள் சிலர் கிளர்ச்சி செய்யவே, அவர் சரஸ்வதி தேவி எனப் பெயர் மாற்றிக்கொண்டார். குலக்கட்டுப்பாட்டுக்காகத் தம் பெயரை மறைத்த ஒரு பெண்ணே, குலக்கட்டுப்பாட்டினால் மாண்ட மற்றொரு பெண்ணின் கதைக்கு இசை தந்தார்.

இப்படத்தில் ஒரு குறையுமுண்டு. ஜாதியைச் சாகடிக்க வேண்டிய கதை, காதலியைச் சாகடித்துவிட்டது. கஸ்தூரிக்காகக் கண்ணீர் வடிப்பது எளிது. அவளை மருமகளாக வரவேற்பது அரிது. அதே 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மன்னர் அரசாங்க ஆலயங்களை ஹிந்துக்கள் அனைவர்க்கும் திறந்துவிட்டார். 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, தன் 17-ஆம் பிரிவால் தீண்டாமையை ஒழித்தது. ஆலயக் கதவு திறந்தது. சட்டக் கதவும் திறந்தது. கலியாணக் கதவு?

தோட்டத்திலாயினும் பட்டணத்திலாயினும், பிள்ளைக்குப் பெண் தேடுகையில் “என்ன ஜாதி?” என்று வினவும் நாவு நம்மிடையே உள்ளவரை, கஸ்தூரியை நோக்கி அந்த ரயில் வந்துகொண்டேயிருக்கும். அன்பர்களே, அதை நிறுத்த வேண்டியவள் அவளல்லள், நாமே!