சித்த நோயும் சட்டமும்

சித்தம் கலங்கிய ஒருவரைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது? குடும்பத்தாருக்கா, வைத்தியருக்கா, நீதிபதிக்கா, அன்றி நோயாளருக்கேயா? இலங்கையின் மனநலச் சட்ட வரலாறு இவ்வினாவுக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளின் வரலாறே எனலாம்.

1873 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அவ்வுரிமையை நீதிபதியிடம் ஒப்புவித்தது. ஒருவர் சித்தசுவாதீனம் உடையவரா என்பதை மாவட்ட நீதிமன்றம் விசாரித்து முடிவு கூறிற்று. இதனால் நோய் வழக்காயிற்று. நோயாளர் குற்றஞ்சாட்டப்பட்டவர் போல நிற்க நேர்ந்தது. மனநோய் விடுதிகளோ கொழும்பைச் சார்ந்தே எழுந்தன. 1920களில் அமைந்த அங்கொடை வைத்தியசாலையும் அத்தகையதே. தெல்லிப்பழையிலிருந்து அது ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தொலைவு. அங்கு சென்றவர் தம் மொழியையும் சுற்றத்தையும் ஒருங்கே பிரிந்தார்.

1956 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் ஒரு புதிய வாயிலைத் திறந்தது. தாமே விரும்பி வருவோரும் சிகிச்சை பெறலாம் என்பது அதன் சிறப்பு. ஆயினும், விரும்பி வருவதற்கு வைத்தியசாலை அண்மையில் இருத்தல் வேண்டுமன்றோ? தெல்லிப்பழை வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இயங்கியதன் பெருமை இதனால் விளங்கும். 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊர்விட்டுப் பெயர்ந்தனர். உள்ளத்துப் புண் அக்காலத்தில் வீடுதோறும் நுழைந்தது.

2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், 2005 இல் தேசிய மனநலக் கொள்கை ஏற்கப்பட்டது. மாவட்டந்தோறும் சிகிச்சை, தேசிய ஆலோசனைச் சபை, புதிய சட்டம் ஆகிய மூன்றையும் அது வேண்டிற்று. இங்கே ஒன்று கருதத்தக்கது. கொள்கை என்பது நோக்கம். சட்டம் என்பது கடமை. கொள்கையை மட்டும் பற்றி நிற்கும் சபை அறிவுரை கூறலாம். கேட்குமாறு கட்டளையிட இயலாது.

அயல்நாடான இந்தியா 2017 இல் இயற்றிய சட்டம், மத்தியிலும் மாநிலங்களிலும் மனநல அதிகாரசபைகளை நிறுவச் செய்தது. மனநோயுற்றோர் அல்லது உற்றுத் தேறியோர் சார்பில் இருவருக்கும், அவர்களைப் பேணுவோர் சார்பில் இருவருக்கும் அச்சபைகளில் இடமளித்தது. வினாவின் நான்காவது விடை அங்கேதான் சட்டத்தின் ஏட்டில் ஏறியது.

அலுவலரும் வைத்தியரும் மட்டும் கூடும் சபை நோயை நன்கு அறியும். நோயாளரின் துன்பத்தையும் அறிய வேண்டுமாயின், அவருக்கும் அங்கு ஓர் ஆசனம் வேண்டும். அதனைச் சட்டமே உறுதி செய்தல் முறை.