ஏரி காத்த ராமரும் வேடந்தாங்கல் பறவைகளும்



தமிழ்நாட்டு யாத்திரை போய் வந்த நம்ம கோயில் ஆட்கள் பல பேர் மதுராந்தகம் ஏரி காத்த ராமரைச் சேவித்திருப்பீர்கள். அங்கிருந்து அரை மணி நேரத்தில் வேடந்தாங்கல். ஆனால் யாரும் போவதில்லை. "அது பறவை பார்க்கிற இடம்தானே, கோயிலா?" என்பார்கள். இரண்டுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

முதலில் ஏரி. நம்ம பிள்ளைகளுக்கு ஏரி என்றால் தைப்பிங் தாசேக் மாதிரி, வாக்கிங் போகிற இடம். தமிழ்நாட்டு ஏரி வேற. சரிவான நிலத்தில் ஒரு பக்கம் நீளமாக மண் கரை போட்டு மழைத்தண்ணியைத் தடுத்து நிறுத்துவது. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே மழை ஒரே மூச்சில் கொட்டும். விட்டால் வெள்ளம், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வறட்சி. கரை போட்டால் வெள்ளமும் அடங்கும், வயலுக்கும் தண்ணி கிடைக்கும். வயலுக்குத் திறந்துவிடுவது மதகு. மிஞ்சிய தண்ணி தானாக வழிந்து வெளியே போவது கலங்கல் வழியாக. பெரும்பாலும் அது கீழே உள்ள அடுத்த ஏரிக்குத்தான் போகும். கலங்கல் அடைத்துக்கொண்டால் தண்ணி கரை மேலேயே ஏறும். மண் கரை தாங்காது.

மதுராந்தகம் ஏரி சோழர் காலத்து ஏரி என்பார்கள். பெரிய ஏரி. மழைக்காலத்தில் உடைந்துகொண்டே இருந்தது. 1794 முதல் 1798 வரை செங்கல்பட்டுச் சீமைக்குக் கலெக்டராக இருந்தவர் கும்பினிக்காரர் லயோனல் பிளேஸ். கோயில் ஆட்கள் தாயார் சன்னதி கட்ட உதவி கேட்டார்கள். "உங்கள் சாமி இந்தக் கரையைக் காப்பாற்றட்டும், கட்டித் தருகிறேன்" என்றாராம். அந்த வருஷம் பேய்மழை. ராத்திரியில் கரைக்குப் போன துரை, வில்லோடு இரண்டு பேர் கரை மேலே காவல் நிற்பதைக் கண்டார். கரை உடையவில்லை. ஜனகவல்லித் தாயார் சன்னதியில் அவர் பெயரில் கல்வெட்டே இருக்கிறது.

ராமர் வந்தாரா இல்லையா என்று வாதாட நான் வரவில்லை. எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் நாம் கதை சொல்லும்போது ஒன்றை விட்டுவிடுகிறோம். துரை அந்த மழையில் ஏன் கரைக்குப் போனார்? பழுது பார்த்த கரை நிற்குமா என்று பார்க்கத்தான். ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவனுக்கு அது புரியும். வேலை செய்தவன்தான் இடி மின்னலில் போய் எட்டிப் பார்ப்பான்.

இப்போது வேடந்தாங்கல். தாங்கல் என்றாலே சின்ன ஏரிதான். சுமார் 30 ஹெக்டேர். தண்ணிக்குள் நிற்கும் மரங்களில் நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன் எல்லாம் கூடு கட்டும். சுற்றிலும் தண்ணி இருப்பதால் பூனை, நாய் ஏற முடியாது. பறவை எச்சம் ஏரியில் விழுந்து, அந்தத் தண்ணி வயலுக்கு உரமாகப் போகும். ஊர்க்காரர்களுக்கு அது தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட ஆரம்பித்ததும் நேராகக் கலெக்டரிடம் போய் முறையிட்டு, இனி சுடக்கூடாது என்று எழுத்தில் வாங்கிவிட்டார்கள். எழுதிக் கொடுத்த கலெக்டர் யார்? அதே பிளேஸ் துரைதான்! அரசாங்கம் அதைச் சரணாலயமாக ஏற்றது 1936-ல். 2022-ல் ராம்சார் என்ற உலகச் சதுப்புநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அதற்கு முன்னால் 2020-ல் சரணாலய எல்லையைச் சுருக்கப் பேச்சு வந்தது, பலத்த எதிர்ப்பு கிளம்பியது. காவல் இன்னும் முடியவில்லை.

நம்ம பக்கத்திலும் ஒரு கதை உண்டு, ஆனால் தலைகீழ். சிலிம் ரிவரிலிருந்து தெற்கே போனால் கோலகுபு பாரு. பாரு என்றால் புதுசு. அப்படியானால் பழசு எங்கே? 1883-ல் அங்கே பழைய அணை ஒன்று மழையில் உடைந்து ஊரை அடித்துக்கொண்டு போனது. சிசில் ரேங்கிங் என்ற கலெக்டரும் அதில் செத்தார். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால்தான் என்று ஊர்க்கதை. பிறகு ஈயச் சுரங்க மண் ஆற்றில் இறங்கி ஆறு தூர்ந்தது, 1926 பெருவெள்ளமும் வந்தது, கடைசியில் ஊரையே வேறு இடத்துக்கு மாற்றினார்கள்.

அந்தச் சுரங்கக் காலத்துக் குட்டைகள் பேராக்கில் நிறைய. பத்து காஜா பக்கம் கிந்தா இயற்கைப் பூங்காவே அப்படிப்பட்ட குட்டைகள்தான், இன்று நாரைகள் கூடு கட்டுகின்றன. பிளாஸ்டிக் தட்டோடு பூஜை மாலையை ஆற்றில் விடுகிற நம்ம ஆட்கள் ஒரு முறை போய்ப் பார்க்கணும். கோபப்படாதீர்கள், வாளி வைத்து அள்ளுகிறவன் சொல்கிறேன்.

யாத்திரைக்குப் போகிறவர்களுக்கு: பறவைகள் நவம்பர் முதல் மார்ச் வரை. வண்டிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலையில் ராமர், சாயங்காலம் வேடந்தாங்கல். பறவைகள் கூட்டுக்குத் திரும்புவது சாயங்காலம்தான். மதுராந்தகத்தில் கோயிலோடு நிற்காமல் ஏரிக்கரை மேலே ஏறி, கலங்கல் எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.