உடனடிக் காரணம் மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான்



முதல் உலகப் போருக்கு உடனடிக் காரணம் கேட்டால் எல்லோரும் சரயேவோ கொலையை எழுதிவிடுவீர்கள். அடிப்படைக் காரணங்களைக் கேட்டால்தான் பேனா நின்றுவிடும். துருக்கியில் குர்து மக்கள் பிரச்சினைக்கான பேச்சுவார்த்தை 2015-இல் முறிந்ததைப் படித்தபோது அந்த விடைத்தாள்கள்தான் நினைவுக்கு வந்தன.

குர்து தொழிலாளர் கட்சி 1978-இல் தோன்றியது. 1984-இல் ஆயுதம் ஏந்தியது. அந்தப் போரில் சுமார் 40,000 பேர் மாண்டார்கள். தலைவர் ஓஜலான் 1999 முதல் இம்ராலி தீவுச் சிறையில் இருக்கிறார். அந்தச் சிறைக்கே அரசு ஆள் அனுப்பிப் பேசியது. 2013 மார்ச் 21, நவ்ரோஸ் புத்தாண்டு நாளில், தியார்பகிர் நகரில் கூடிய பெருங்கூட்டத்தில் அவருடைய கடிதம் வாசிக்கப்பட்டது. ஆயுதக் காலம் முடிந்தது, இனி அரசியல் என்பது அதன் சாரம். மே மாதம் போராளிகள் வட ஈராக்குக்கு விலகத் தொடங்கினார்கள்.

இரண்டாண்டு கழித்து, 2015 ஜூலை 20 அன்று சுருச் நகரில் குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், கொபானி நகரைச் சீரமைக்க உதவப் போனவர்கள். இரண்டு நாளில் ஜெய்லான்பினார் ஊரில் இரண்டு போலீசார் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த இரண்டு நாளில் துருக்கி விமானங்கள் காந்தில் மலையில் குண்டு வீசின. இது உடனடிக் காரணம். அந்தப் போலீசார் கொலை வழக்கில் நிறுத்தப்பட்டவர்கள் பின்னாளில் விடுதலையானார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடிப்படைக் காரணங்கள்? ஒன்று, நடுநிலையான மூன்றாம் தரப்பு இல்லை. நீ முழுதாக விலகவில்லை என்றது அரசு. நீ சீர்திருத்தம் செய்யவில்லை என்றது இயக்கம். யார் சொல்வது சரி என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. 2015 பிப்ரவரியில் தோல்மாபாஹ்ச்சே மாளிகையில் பத்து அம்சங்கள் அறிவிக்கப்பட்டன. கண்காணிப்புக் குழு யோசனையை அதிபர் எர்தோகனே ஏற்கவில்லை.

இரண்டு, சிரியா. 2014-இல் ஐ.எஸ். படை கொபானியை முற்றுகையிட்டபோது துருக்கி டாங்கிகள் எல்லையில் சும்மா நின்றன. குர்துகளின் மனம் அங்கேயே முறிந்தது.

மூன்று, தேர்தல். 2015 ஜூனில் குர்து ஆதரவுக் கட்சி 13 சதவீத வாக்கும் 80 இடங்களும் பெற்றது. ஆளுங்கட்சி பெரும்பான்மையை இழந்தது. சமாதானத்தால் தனக்கு லாபம் இல்லை என்று ஆட்சி கணக்குப் போட்டது.

நான்கு, இரு தரப்பும் பேசிக்கொண்டே போருக்கும் தயாரானது. அரசு காவல் நிலைகளைக் கட்டியது. இளைஞர்கள் நகரத் தெருக்களில் பதுங்குகுழி வெட்டினார்கள்.

விலை கொடுத்தது யார்? தியார்பகிரின் பழைய சூர் பகுதி இடிபாடானது. லட்சக்கணக்கானோர் வீடு இழந்தார்கள். 2015 நவம்பர் 28 அன்று, அங்கே சேதமடைந்திருந்த பழைய மினாரின் முன் நின்று, இங்கே சண்டை வேண்டாம் என்று பேசிய வழக்கறிஞர் தாஹிர் எல்ச்சி, சற்று நேரத்தில் அதே இடத்தில் சுடப்பட்டு இறந்தார்.

பத்தாண்டு கழித்து, 2025-இல், ஓஜலான் மறுபடி அழைப்பு விடுத்தார். கட்சி தன்னைக் கலைப்பதாக அறிவித்தது. இடைப்பட்ட பத்தாண்டில் போன உயிர்கள் திரும்பப்போவதில்லை.

பிள்ளைகளே, சமாதானம் முறிந்தது என்று செய்தி வரும்போது முதல் குண்டு யார் போட்டது என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு முந்தைய இரண்டாண்டில் யார் யார் என்ன செய்யாமல் விட்டார்கள் என்றும் கேளுங்கள். முழு மதிப்பெண் அதற்குத்தான்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று ஆசிரியர்