தமிழ்க் கிறிஸ்தவத்தில் குழந்தை

தமிழ்க் கிறிஸ்தவப் பெரியவர்கள் தங்கள் விசுவாசத்தின் வழியே குழந்தையை எப்படிக் கண்டார்கள், எதற்காக மதித்தார்கள் என்ற கேள்விக்குத் தனி நூல்களை விட ஞானஸ்நானப் பதிவேடுகளும் பள்ளிக்கூடங்களும் அநாதை இல்லங்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும் தெளிவான விடை தருகின்றன. முத்துக்குளித்துறையில் தொடங்கி தரங்கம்பாடி, திருநெல்வேலி வழியாக மும்பையின் தாதர், மாட்டுங்கா, தாராவி வரை நீளும் இந்த வரலாற்றைப் படிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. சபை தன் வீட்டுப் பிள்ளையை வாரிசாகவும் பிறர் வீட்டுப் பிள்ளையை அறுவடையாகவும் பார்த்த காலமே மிகுதி. சபைக்கு எந்த ஆதாயமும் கொண்டுவராத பிள்ளையை ஏற்றுக்கொண்ட இடங்கள் சில. சுவிசேஷம் குழந்தையைப் பற்றிச் சொன்னது நடைமுறையில் உருப்பெற்றது அந்தச் சில இடங்களில்தான்.

பிள்ளைப்பாசத்தைத் தமிழருக்குக் கிறிஸ்தவம் கற்றுத்தரவில்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை இல்லாத வாழ்நாள் வீண் என்று பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றின் 188-ஆம் பாடலில் பாடியாயிற்று. திருக்குறளில் மக்கட்பேறு ஏழாம் அதிகாரமாகவே நிற்கிறது. தெய்வத்தையும் அரசனையும் குழந்தையாக்கித் தாலாட்டுப் பாட, பிள்ளைத்தமிழ் என்று ஒரு சிற்றிலக்கிய வகையையே வளர்த்தெடுத்த மொழி இது. ஆனால் இந்த மரபு கொண்டாடிய பிள்ளை பெரும்பாலும் சொந்தப் பிள்ளை. குலம் தழைக்க வந்த பிள்ளை. சுவிசேஷக் காட்சி வேறு. யார் பெரியவன் என்று சீடர்கள் வாதாடியபோது இயேசு ஒரு சிறுபிள்ளையை அழைத்து அவர்கள் நடுவே நிறுத்தினார். அது யார் வீட்டுப் பிள்ளை என்று எழுதியவர்கள் சொல்லவில்லை. வேறொரு நாள், பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீடர்கள் அதட்டியபோது அவர் கோபித்துக்கொண்டது சீடர்கள் மேல். குலமும் பயனும் கேட்காமல் ஏற்பது என்ற இந்தக் கருத்து, பிள்ளைகளை நேசிக்கத் தெரிந்த தமிழ்ச் சமூகத்துக்கும் புதியது; அதைக் கொண்டுவந்த ஐரோப்பியருக்கும் எளிதில் கைவரவில்லை.

பிரான்சிஸ் சவேரியார் 1542 அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பரதவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள்; சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. சவேரியார் தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட செபங்களை மனப்பாடம் செய்து, மணியடித்துத் தெருப்பிள்ளைகளைக் கூட்டினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவர் அதிகம் மெச்சுவது இந்தப் பிள்ளைகளைத்தான். தம்மால் போக முடியாத நோயாளிகளின் வீடுகளுக்குச் செபமாலையோடு அவர்களை அனுப்பினார். அவர்களும் போய்ச் செபித்தார்கள். பெரியவர்களுக்கு விசுவாசத்தைக் கற்றுக்கொடுக்கப் பிள்ளைகளை நம்பியது அந்தக் காலத்துக்குப் பெரிய மதிப்பு. ஆனால் அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது: வீட்டில் யாராவது பழைய தெய்வங்களை வணங்கினால் பிள்ளைகள் பெற்றோரோடு சண்டையிட்டு அவரிடம் வந்து சொல்லிவிடுவார்கள், அவர் அவர்களைக் கூட்டிக்கொண்டு போவார், பிள்ளைகள் உருவங்களை உடைப்பார்கள். அங்கே பிள்ளை விசுவாசியாக மட்டும் இல்லை, வேவு பார்க்கும் ஆளாகவும் ஆகிவிட்டது. அதன் விலையை அந்தப் பிள்ளையின் வீடு கொடுத்தது.

இதே மனப்போக்கு அரச அதிகாரத்தோடு சேர்ந்தபோது கொடுமையாயிற்று. பெற்றோரும் பாட்டன் பாட்டியும் இல்லாத இந்துக் குழந்தைகளைக் கோவாவின் புனித பவுல் கல்லூரியில் சேர்த்து ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று போர்த்துகீசிய அரசு 1559-இல் ஆணையிட்டது. காலப்போக்கில் தாய் உயிரோடிருந்தும் தந்தையை இழந்த பிள்ளைகள் மேலும் அது பாய்ந்தது. குழந்தைகளை ஒளித்துக்கொண்டு குடும்பங்கள் கோவாவை விட்டு ஓடின. தாதர் மேற்கில் இன்று ‘போர்ச்சுகீஸ் சர்ச்’ என்று எல்லோரும் வழிசொல்லும் இரட்சண்ய மாதா ஆலயத்தை 1596-இல் பிரான்சிஸ்கன் துறவிகள் எழுப்பியபோது, மும்பைத் தீவுகளும் அந்த அரசின் கீழேதான் இருந்தன.  அநாதையை ஆதரிக்க வேண்டும் என்ற வேதக் கட்டளையை, அநாதையைப் பறிக்கும் சட்டமாக மாற்ற முடியும் என்பதற்கு 1559 போதுமான சான்று.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கும் புளூட்சோவும் வேறு பாதையில் வந்தவர்கள். அவர்கள் ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். அங்கே ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே நடத்திய அநாதை இல்லமும் பள்ளிகளும் ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டன. ஓராண்டுக்குள் தரங்கம்பாடியிலும் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கொடுத்துத் தமிழிலேயே படிப்பிக்கும் பள்ளி எழுந்தது. பெண்பிள்ளைகளுக்கும் தனிப் பள்ளி நடந்தது. ஏழைப் பெண்குழந்தை எழுத்தறிய வேண்டும் என்பதற்கு அன்று அவர்கள் கூறிய காரணம் எளிது: அவளுக்கும் ஆத்துமா உண்டு, அந்த ஆத்துமாவுக்கு வேதத்தை நேரில் படிக்கும் உரிமை உண்டு. தமிழகத்தில் பெண்கல்வியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் காரணத்தைக் கடந்து போக முடியாது. ஆனால் ஹாலேயின் இன்னொரு பாடமும் கூடவே வந்தது. குழந்தையின் சொந்த விருப்பத்தை முறித்தால்தான் அது தேவனுக்குப் பணியும் என்று பிராங்கே கருதினார். ஆத்துமாவுக்கு இவ்வளவு மதிப்பு, அதன் விருப்பத்துக்கு இவ்வளவு அச்சம் என்ற இந்த முரண் தமிழ்ச் சீர்திருத்த சபைகளில் இன்றும் முழுதாகத் தீரவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், பிள்ளை யாருடையது என்ற கேள்வி நீதிமன்றம் ஏறியது. 1839-இல் பம்பாயில் மிஷனரி ஜான் வில்சனின் பள்ளியில் படித்த பார்சி இளைஞர் இருவர் ஞானஸ்நானம் பெற்றனர். உறவினர் வழக்குத் தொடுத்தனர். தன்னிச்சையாக முடிவெடுக்கும் வயது வந்தவர் என்று நீதிமன்றம் இளைஞர் பக்கம் நின்றது. பார்சி மாணவர்களில் பெரும்பாலோர் அந்தப் பள்ளியை விட்டு வெளியேறினர். இரண்டே ஆண்டில் சென்னையில் மிஷனரி ஜான் ஆண்டர்சனின் பள்ளியிலும் இதுவே நடந்தது. பண்டித ரமாபாய் 1889-இல் பம்பாய் சௌபாத்தியில் தொடங்கிப் பின்னர் புனேக்கு மாற்றிய சாரதா சதன் என்ற விதவையர் இல்லத்திலிருந்தும், பெண்கள் கிறிஸ்தவ செபத்தில் கலந்துகொள்கிறார்கள் என்பதற்காக 1893-இல் காப்பாளர்கள் பலரை அழைத்துச் சென்றார்கள். பதினாறு பதினேழு வயதினருக்கு மனசாட்சி உண்டு என்று வாதாடியபோது சபை சொன்னது சரிதான். ஆனால் அந்த மனசாட்சி கிறிஸ்தவத்தை நோக்கி நகரும்போது மட்டுமே சபையின் கண்ணுக்குப் பட்டது. கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை எதிர்த்திசையில் நகர்ந்திருந்தால் இதே வாதம் ஒலித்திருக்குமா என்பது நியாயமான சந்தேகம்.

1876–78 தாதுவருடப் பஞ்சம் இந்தக் கணக்குகளையெல்லாம் சிதறடித்தது. சாகக் கிடந்த குழந்தையை அறுவடை என்று எண்ண நேரமில்லை; கஞ்சி ஊற்ற வேண்டியிருந்தது. திருநெல்வேலிப் பகுதியின் நாசரேத்தில் கனோன் மர்காசிஸ் அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்துக் கைத்தொழில் பள்ளி நடத்தியது இந்தச் சூழலில்தான். 1880-களில் பம்பாயில் கத்தோலிக்க ஆயர் லியோ மியூரின் காதுகேளாதோருக்காகத் தொடங்கிய பள்ளி இந்தியாவிலேயே முன்னோடி. 1890-களில் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அதே பணியை எடுத்தார். பிரசங்கம் கேட்கவே முடியாத குழந்தைக்கு ஒரு மிஷன் பணம் செலவிடுகிறது என்றால், அங்கே மதமாற்றக் கணக்கு பின்னுக்குப் போய்விடுகிறது.

இந்த மாற்றத்தை மிகக் கூர்மையாகக் காட்டுவது மிஷனரி ஏமி கார்மைக்கேலின் வாழ்க்கை. 1895-இல் இந்தியா வந்த அவர் ஊர் ஊராகச் சென்று சுவிசேஷம் அறிவித்து வந்தார். 1901 மார்ச்சில் பண்ணைவிளையில் ஒரு காலைப்பொழுதில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் கொண்டுவரப்பட்டாள். கோயிலுக்குப் பொட்டுக்கட்டித் தேவதாசியாக்க வைத்திருந்த வீட்டிலிருந்து தப்பி வந்தவள். முன்பு ஒருமுறை ஓடியபோது பிடித்து வந்து கையில் சூடு போட்டிருந்தார்கள் என்று கார்மைக்கேல் எழுதுகிறார். அவள் வந்த பின் இன்னும் பிள்ளைகள் வந்தார்கள். டோனாவூரில் ஓர் இல்லம் உருவாயிற்று. 1918 முதல் ஆண்பிள்ளைகளும் சேர்ந்தார்கள். ஊழியம் செய்ய வந்தவர் பால்புட்டி கழுவிக்கொண்டிருக்கிறாரே என்று சக மிஷனரிகளே குறைபட்டார்கள். அந்தக் குறை முக்கியமானது. அவர்கள் பார்வையில் குழந்தை வளர்ப்பு ஊழியத்துக்கு இடையூறு. ஆட்களை ஆதாயம் செய்வதே ஊழியம். சீடரின் கால் கழுவிய ஆண்டவரை நினைவூட்டி கார்மைக்கேல் அதற்குப் பதில் சொன்னார். பிள்ளைகள் அவரை அம்மா என்றே அழைத்தார்கள். 1951-இல் இறக்கும் வரை அவர் தாய்நாடு திரும்பவில்லை.

கார்மைக்கேல் ஆதாயம் கருதாமல் பிள்ளைகளை ஏற்றார் என்பதற்கு வலுவான மறுப்பு உண்டு. டோனாவூர்ப் பிள்ளைகளும் கிறிஸ்தவர்களாகவே வளர்க்கப்பட்டார்கள். 1911-இல் ஒரு சிறுமியைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற வழக்கில் கார்மைக்கேல் தோற்றார். தேவதாசிக் குடும்பங்களின் தரப்பை அவருடைய நூல்கள் காது கொடுத்துக் கேட்கவில்லை. ஆக இது 1559-இன் மென்மையான வடிவம்தான் என்பார்கள். இதில் பாதி உண்மை. அந்தப் பிள்ளைகளுக்கு மதத்தில் தேர்வு இருக்கவில்லை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் இரண்டுக்கும் நடுவே அடிப்படையான வேறுபாடு உண்டு. 1559 ஆணையின் தொடர்ச்சியாக அரசு தாயின் கையிலிருந்தே பிள்ளையை எடுத்தது; பண்ணைவிளையில் பிள்ளையே ஓடி வந்தது. கோவாவில் ஞானஸ்நானம்தான் நோக்கம், பராமரிப்பு அதற்கான வழி. டோனாவூரில் வளர்ப்பதுதான் முழுநேர வேலை. பொட்டுக்கட்டுதலை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடியதும், 1947-இல் சென்னை மாகாணத்தில் அந்த ஒழிப்பு சட்டமானதும், அந்தச் சிறுமிகளின் ஆபத்து மிஷனரிகளின் கற்பனை அல்ல என்பதைக் காட்டுகின்றன.

சொந்தப் பிள்ளைகளிடம் சபை காட்டிய மதிப்பு வேறுவிதமான வரலாறு. ஆண்பிள்ளை பிறந்தால் சாமுவேல் என்று பேர் வைத்து, ஒருவனை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தேன் என்று பொருத்தனை பண்ணும் தாய்மார் திருநெல்வேலிச் சபைகளில் ஏராளம். கத்தோலிக்கர் பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள், தென்னிந்தியத் திருச்சபையாரும் (சி.எஸ்.ஐ.) அப்படியே, பெந்தெகொஸ்தே சபைகள் குழந்தையைப் பிரதிஷ்டை செய்துவிட்டு, முழுக்கு ஞானஸ்நானத்தை விவரம் தெரிந்த வயதுக்கு ஒத்திவைக்கின்றன. முதல் முறை பிள்ளை ஏற்கெனவே உறுப்பினர் என்கிறது. இரண்டாவது அதன் சம்மதத்துக்குக் காத்திருக்கிறது. இரண்டிலும் மதிப்பு உண்டு. புதுநன்மைக்கு ஏழு வயதை ஒட்டிய விவேக வயது போதும் என்று 1910-இல் பத்தாம் பயஸ் ஆணையிட்டது, சிறுபிள்ளையின் விசுவாசத்தை விசுவாசமாகவே எண்ணிய பெரிய முடிவு. சீர்திருத்த சபைகளில் திடப்படுத்தல் முடியும் வரை திருவிருந்துப் பந்தி தூரமாகவே இருந்தது. பிள்ளைகள் ஆலயத்தின் முன்பாயில் உட்காருவார்கள். பாலர் ஞாயிறன்று வேதபாடம் வாசிப்பார்கள், காணிக்கை எடுப்பார்கள். அடுத்த வாரம் மறுபடி பாய்க்குத் திரும்புவார்கள்.

தென்மாவட்டங்களிலிருந்து வந்து தாராவியிலும் மாட்டுங்காவிலும் குடியேறிய சபைகளுக்குப் பிள்ளைகள் மேல் இன்னொரு பாரமும் ஏறியது. ஆங்கிலத்தில் படித்து இந்தியில் விளையாடும் பிள்ளைக்குத் தமிழ் வேதாகமமும் ஓய்வுநாள் பள்ளியும்தான் ஊர்த்தொடர்பு. அதனால் விசுவாசத்தையும் மொழியையும் ஒருசேரக் காப்பாற்றும் கடமை எட்டு வயதுத் தோளில் விழுகிறது. பெரியவர்களின் ஏக்கம் புரிந்துகொள்ளத் தக்கது. ஆனால் வசனப் போட்டியில் பரிசு வாங்கும் பிள்ளையை மட்டும் நல்ல பிள்ளை என்று கொண்டாடும்போது, இதுவும் பயன் பார்க்கும் பழைய கணக்கே.

பிரம்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். நீதிமொழிகளைக் காட்டி அடியை நியாயப்படுத்துவது தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வழக்கம். மிஷன் பள்ளி என்றாலே கட்டுப்பாடு என்று பிற மதத்துப் பெற்றோரும் தேடி வந்தார்கள். பிள்ளையின் எதிர்காலத்தில் அக்கறை இருப்பதால்தான் அடிக்கிறோம் என்ற வாதத்தில் அக்கறை உண்மை. ஆனால் சுவிசேஷங்களில் இயேசு குழந்தைகளைத் திருத்துவதாக ஒரு காட்சிகூட இல்லை. அவர் திருத்துவது பெரியவர்களை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல்தண்டனையைத் தடை செய்தது. அந்தச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தபோது நிர்வாகங்கள் மகிழ்ந்தது சேர்க்கை உரிமைக்காக. அதே தீர்ப்போடு குழந்தைக்கான அந்தப் பாதுகாப்பு விதியும் விலகிப்போனதை அதிகம் பேர் பேசவில்லை.

கிறிஸ்தவப் பெரியவர்கள் அநாதைக் குழந்தையைச் சட்டப்படி தம் பிள்ளையாக்கிக்கொள்ள முடியாமலிருந்தது இந்த வரலாற்றின் இன்னொரு பக்கம். 1956-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கானது. கிறிஸ்தவத் தம்பதியால் 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் கீழ்ப் பாதுகாவலராக மட்டுமே இருக்க முடிந்தது. பிள்ளை உரிய வயதை எட்டியதும் அந்த உறவு சட்டத்தின் முன் முடிந்துவிட்டது, சொத்திலும் தானாக உரிமை வரவில்லை. வீட்டில் அப்பா என்று அழைத்த பிள்ளை ஏட்டில் அந்நியன். கைவிடப்பட்ட குழந்தைக்குக் குடும்பம் பெறும் உரிமை உண்டு என்ற அடிப்படையில், கிறிஸ்தவத் தம்பதியும் தத்தெடுக்கலாம் என்று மும்பை உயர் நீதிமன்றம் 1990-களின் இறுதியில் வழிதிறந்தது. பெற்றோரின் மத உரிமையிலிருந்து தொடங்காமல் குழந்தையின் உரிமையிலிருந்து அந்தத் தீர்ப்பு தொடங்கியது. 2000-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006 திருத்தமும் எல்லா மதத்தினருக்கும் தத்தெடுப்பைப் பொதுவாக்கின. தத்தெடுத்த பிள்ளை பெற்ற பிள்ளைக்குச் சமமான வாரிசு என்பது இப்போது தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் பொருந்தும் சட்டம்.