அழித்த கோப்பு எங்கே போகிறது?

புனேயில் எங்கள் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் அதிகம். பரணிலிருந்து ப்ளாப்பி டப்பாவோடு யாராவது வந்து, "சார், இதுல அப்பா எழுதின லெட்டரெல்லாம் இருக்கு, எடுக்க முடியுமா?" என்று கேட்பதுண்டு. பல சமயம் முடியும். ஏன் முடிகிறது என்பதற்குப் பின்னால் ஒரு சின்ன சரித்திரம் இருக்கிறது.

டாஸ் கணினிகள் கோப்புகளுக்குக் கணக்கு வைத்துக்கொண்ட முறைக்கு 'ஃபேட்' என்று பெயர். 1977ல் மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்ட் எழுதியது. 1980ல் டிம் பேட்டர்சன் தன் 86-டாஸில் இதே யோசனையைப் பயன்படுத்தினார். 1981ல் ஐபிஎம் பிசியோடு வந்த டாஸ் அதன் வழித்தோன்றல்தான். அதில் ஃபோல்டரே கிடையாது! 1983ல் டாஸ் 2.0 வந்த பிறகே ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட முடிந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட்டில் ஒரு பதிவு. பெயர், அளவு, தேதி, முதல் துண்டு எங்கே இருக்கிறது என்ற விவரம், இவ்வளவுதான். கோப்பை அழித்தால் டாஸ் பெயரின் முதல் எழுத்தை மட்டும் 229 என்ற எண்ணால் மாற்றும். அடுத்தடுத்த துண்டுகளின் சங்கிலியைத் துடைத்துவிடும். உள்ளே இருக்கும் கடிதத்தைத் தொடவே தொடாது. அதனால்தான் 1991ல் டாஸ் 5.0வோடு வந்த அன்டெலீட் கட்டளை, "முதல் எழுத்து என்ன?" என்று நம்மிடமே கேட்டது :-) துண்டுகள் வரிசையாக இருந்தால் கோப்பு முழுசாகத் திரும்பும். சிதறிக் கிடந்தால் பாதிதான்.

இன்னொரு பழைய தலைவலி: ப்ளாப்பியில் இடம் இருக்கும், ஆனாலும் புதுக் கோப்பு ஏறாது. காரணம், 1.44 எம்பி ப்ளாப்பியின் மூல அடைவில் மொத்தம் 224 பதிவுகளுக்குத்தான் இடம். 1995ல் விண்டோஸ் 95 நீளப் பெயர்களைக் கொண்டுவந்தபோது, 13 எழுத்துக்கு ஒரு பதிவு கூடுதலாகச் செலவானது. 40 எழுத்தில் பெயர் வைத்தால் ஒரு கோப்புக்கே 5 பதிவு. 44 கோப்போடு கடை மூடிவிடும். ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வைத்தால் தீர்ந்தது பிரச்சினை, ஃபோல்டருக்கு அந்த வரம்பு இல்லை.

இதெல்லாம் இப்போது எதற்கு என்கிறீர்களா? கேமரா மெமரி கார்டுகள் பலவற்றில் இன்றும் ஃபேட் குடும்பம்தான். குழந்தையின் படங்கள் தவறி அழிந்துவிட்டால் அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். உடனே வெளியே எடுத்து வையுங்கள். புதிதாக எழுதும் எதுவும் பழையதன் மேலேயே போய் உட்காரலாம். பழைய ப்ளாப்பி என்றால் பூட்டுத் துளையைத் திறந்துவிட்டு, முதலில் முழுசாக ஒரு நகல் எடுங்கள். சோதனைகளையெல்லாம் அந்த நகலில் செய்யுங்கள்.