குங்குமம் ஏன் மங்கலா இருக்கு? கல்லும் மண்ணும் முகத்துக்கு வந்த கதை

 

இந்த ஆடி வெள்ளியில இருந்து நம்ம கோயில் குங்குமம் பழைய மாதிரி பளிச்சுன்னு இல்லைன்னு பல பேர் கேட்டீங்க. "என்ன அண்ணே, மலிவா வாங்க ஆரம்பிச்சிட்டீங்களா?"ன்னு ஒரு தங்கச்சி நேராவே கேட்டுட்டாங்க. அவங்களுக்கு வரிசையில நின்னு பதில் சொல்ல முடியல. அதனால இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

உண்மை என்னன்னா, மலிவா வாங்கினது போன வருஷம். வாங்கினவன் நான்தான்.

போன நவராத்திரி குங்கும அர்ச்சனைக்கு ஒரு மொத்த வியாபாரக் கடையில பத்து கிலோ எடுத்தேன். நல்ல சிவப்பு, விலையும் கம்மி. மூணாம் நாள் ஒரு அம்மா தன் அஞ்சு வயசு மகளைக் கூட்டிட்டு வந்தாங்க. பிள்ளையோட நெத்தியில பொட்டு வச்ச இடம் மட்டும் வட்டமா தடிச்சு சிவந்திருந்துச்சு. "அண்ணே, கோயில் குங்குமம் வச்ச இடம் மட்டும் இப்படி ஆயிருச்சு, பாருங்க"ன்னாங்க. கோபப்படல. திட்டியிருந்தா கூட எனக்கு மனசு இவ்வளவு கஷ்டப்பட்டிருக்காது. கிளினிக்கில களிம்பு கொடுத்து ஒரு வாரத்துல சரியாச்சு.

அன்னைக்கு ராத்திரி அந்தப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். அம்மன் படம் இருந்துச்சு. என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு இல்ல. செஞ்சவங்க முகவரி இல்ல. லாட் நம்பர் இல்ல. நான் பிளாஸ்டிக் ஃபேக்டரியில சூப்பர்வைசர். கலர் பவுடர் மூட்டை வந்தா, கூடவே சோதனைச் சான்றிதழ் இல்லாம உள்ளே விடமாட்டேன், லோரியைத் திருப்பி அனுப்பிடுவேன். பக்கெட்டுக்கும் நாற்காலிக்கும் அவ்வளவு பார்க்கிற நான், அம்மன் பாதத்துல வச்சு பிள்ளைங்க நெத்தியில இடற பொருளுக்கு விலை மட்டும் கேட்டிருக்கேன்.

அதே வாரம் இன்னொரு அக்கா ஒரு டப்பாவைக் காட்டி, "தம்பி, இது மினரல் மேக்கப்பாம். கல்லு மண்ணுல இருந்து எடுத்த சுத்தமான இயற்கையாம். கோயிலுக்குப் போட்டுட்டு வரலாம்ல?"ன்னு கேட்டாங்க. கல்லுல இருந்து வந்தா நல்லதுதான்னு நானும் அதுவரைக்கும் நெனச்சவன்தான். அப்புறம் வேலை முடிஞ்சு ராத்திரியில உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதைச் சொல்றேன்.

மனுஷன் முதல்ல எடுத்த சாயம் காவிக்கல். நம்ம கோயில் மதில்ல வெள்ளையும் சிவப்புமா பட்டை அடிக்கிறோமே, அந்தச் சிவப்பு. அது இரும்பு ஆக்சைடு, சுருக்கமா சொன்னா இரும்புத் துருவோட உறவு. தென்னாப்பிரிக்காவுல புளோம்போஸ்னு ஒரு குகை. அங்க சிப்பி ஓட்டுக்குள்ள காவிக்கல்லை அரைச்சு, எலும்புக் கொழுப்பு, கரியெல்லாம் சேர்த்துக் கலக்கி வச்சிருந்தது கிடைச்சிருக்கு. வயசு சுமார் 1 லட்சம் வருஷம். 2011-ல இதை ஆய்வாளர்கள் வெளியிட்டாங்க. இதே இரும்பு ஆக்சைடுதான் இன்னைக்கு மினரல் பவுடர்ல சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறம் கொடுக்குது.

அடுத்தது எகிப்து. அங்க ஆணும் பெண்ணும் கண்ணுக்கு மை போட்டாங்க. பச்சை மைக்கு மலகைட்ங்கற செம்புக் கல். கறுப்பு மைக்கு கலினாங்கற கல், அதாவது ஈயமும் கந்தகமும் சேர்ந்தது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்துல இருக்கிற எகிப்திய மைச்சிமிழ்களைப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் சோதிச்சு 1999-ல ஒரு விஷயம் சொன்னாங்க. அந்த மையில இருந்த சில வெள்ளை ஈய உப்புகள் எகிப்து மண்ணுல அப்படியே கிடைக்கிறது இல்ல. ஈயச் சாம்பலை உப்புத் தண்ணியில போட்டு, தினம் தண்ணி மாத்தி, வாரக்கணக்குல செஞ்சாத்தான் வரும். அப்படின்னா 4000 வருஷத்துக்கு முன்னாடியே ரசாயனம் செஞ்சிருக்காங்க. அந்த உப்பு ரொம்பக் கொஞ்சமா இருந்தா கண் நோய்க்கிருமியை எதிர்க்க உடம்பைத் தூண்டியிருக்கலாம்னு 2010-ல இன்னொரு ஆய்வு சொன்னுச்சு.

இதைப் படிச்சிட்டு ஈய மை நல்லதுன்னு யாரும் எடுத்துக்காதீங்க. ஈயம் உடம்புல சேரச் சேர குழந்தையோட மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதுகாப்பான அளவுன்னு எதுவும் தெரியலைன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. சுர்மான்னு விக்கிற கல் மை பலதுல இன்னும் ஈயம்தான் இருக்கு. நம்ம பாட்டிமார் செஞ்ச மை வேற. விளக்கு மேல தட்டைக் கவிழ்த்து வச்சுப் பிடிச்ச கரி, அதுல கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ குழைச்சது. ரெண்டுமே கறுப்பு, ரெண்டுக்கும் பேரு மைதான். ஆனா ஒண்ணு ஈயம், ஒண்ணு கரி.

அடுத்தது நம்ம தமிழ்லயே இருக்கு. நடிகர்களை 'அரிதாரம் பூசினவங்க'ன்னு சொல்றோம். அரிதாரம்னா மேக்கப்னுதான் நான் நெனச்சிருந்தேன். அது ஒரு கல்லோட பேரு! தங்க மஞ்சள் நிறத்துல இருக்கும். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கல். சித்த வைத்தியத்துல இதைத் தாளகம்னு சொல்வாங்க. கூத்து மேடையில மஞ்சள் நிறத்துக்கு இதைப் பூசிப் பூசி, கடைசியில எல்லா ஒப்பனைக்கும் அந்தப் பேரே நின்னுடுச்சு. கேரளாவுல கதகளி வேஷக்காரங்க மனயோலான்னு ஒரு மஞ்சளையும் சாயில்யம்னு ஒரு சிவப்பையும் தேங்காய் எண்ணெய் விட்டு அரைச்சுப் பூசுவாங்க. மனயோலா இந்த ஆர்சனிக் வகை. சாயில்யம்ங்கறது நாம சொல்ற சாதிலிங்கம், பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது.

இதுல ஒண்ணை கவனிக்கணும். தாளகம், இலிங்கம், மனோசிலை எல்லாத்தையும் நம்ம சித்தர் மரபு எந்தக் கணக்குல வச்சிருக்கு தெரியுமா? பாஷாணம். இயற்கையில கிடைச்ச கல்லுதான்னு அவங்களுக்கும் தெரியும். ஆனாலும் பேரு வைக்கும்போதே விஷம்னு வச்சாங்க. 'இயற்கை'ன்னு ஒட்டி விக்கல.

வெள்ளைக்கும் இதே கதை. ஈயத்தகட்டைக் காடி ஆவியில வச்சா வெள்ளைப் பொடி படியும். கிரேக்கர் காலத்துல இருந்தே அதை முகத்துக்குப் பூசினாங்க. இங்கிலாந்துல மரியா கன்னிங்னு பேரழகி ஒருத்தர் 1760-ல சின்ன வயசுல இறந்து போனதுக்கு இந்த ஈய வெள்ளையைத்தான் காரணமா சொல்றாங்க. ஜப்பான்ல 1887-ல மெய்ஜி பேரரசர் முன்னாடி கபுகி நாடகம் நடந்தப்போ, நாகமுரா ஃபுகுசுகேங்கற நடிகருக்கு மேடையிலயே கால் நடுங்குச்சு. வருஷக்கணக்கா பூசின ஈய வெள்ளை உடம்புல ஏறியிருந்துச்சு. அப்படியிருந்தும் ஈயம் கலந்த முகப்பவுடர் செய்யறதை அங்க நிறுத்தினது 1934-லதான்.

இப்போ நம்ம குங்குமத்துக்கு வருவோம்.

குங்குமத்தோட மூலப்பொருள் மஞ்சள். ஆரத்தித் தண்ணி எல்லாருக்கும் தெரியும். மஞ்சள் கரைச்ச தண்ணியில சுண்ணாம்பு போட்டதும் சிவக்கும். அதுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பாருங்க, திரும்ப மஞ்சளாயிடும். மஞ்சள்ல இருக்கிற குர்குமின் காரத்துல சிவக்கும், புளிப்புல மஞ்சளாகும். வீட்டுக் குங்குமத்துக்கு இன்னொரு முறையும் இருக்கு. மஞ்சளோட வெங்காரம், படிகாரம், எலுமிச்சைச்சாறு சேர்த்து ஊற வச்சு, நிழல்ல உலர்த்தி, பொடிச்சு, கொஞ்சம் நல்லெண்ணெய் விடுவாங்க. இதுல வர்ற சிவப்பு சீக்கிரம் மாறாது. சுண்ணாம்பு, வெங்காரம், படிகாரம் மூணுமே கனிமம்தான். அதனால கனிமம்னாலே கெட்டதுன்னும் நான் சொல்லல. வைணவர்கள் இடற திருமண் கூட வெள்ளை மண்தான். கர்நாடகாவுல மேல்கோட்டையில இராமானுசர் அந்த மண்ணைக் கண்டெடுத்தார்னு வைணவ மரபு சொல்லுது. நடுவுல இடற ஸ்ரீசூர்ணம் மஞ்சள்ல செய்யறது.

ஆனா கடையில சிவப்பா இருக்கிறதெல்லாம் மஞ்சள்ல வந்தது இல்ல. ஈயச்செந்தூரம்னு ஒண்ணு இருக்கு. வடக்கே ஆஞ்சநேயர் சிலைக்கு எண்ணெய்ல குழைச்சுச் சாத்துற ஆரஞ்சு நிறம். பழைய இரும்புப் பாலத்துக்குத் துரு பிடிக்காம அடிச்ச ரெட் லெட் பெயிண்ட்டும் அதே பொருள்தான். கல் சிலைக்கு அது ஒண்ணும் செய்யாது. பிள்ளை நெத்திக்கு வந்து, கை பட்டு, வாய்க்குப் போனா கதை வேற. அமெரிக்காவுல ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க நியூ ஜெர்சியிலயும் இந்தியாவுலயும் கடைகள்ல இருந்து 118 செந்தூர மாதிரிகளை வாங்கிச் சோதிச்சாங்க. 2017-ல முடிவு வந்துச்சு. சுமார் 80 சதவீதத்துல கொஞ்சமாவது ஈயம் இருந்துச்சு. ஏறக்குறைய மூணுல ஒரு பங்குல அந்த நாட்டு அளவுக்கு மேல.

மஞ்சள்தூளே ஏமாத்துற காலம் இது. பங்களாதேஷ்ல மஞ்சளுக்குப் பளபளப்பு வர ஈயக் குரோமேட்டைப் பூசறாங்கன்னு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2019-ல கண்டுபிடிச்சாங்க. அதுக்குக் காரணம், மக்கள் பளிச்சுன்னு இருக்கிற மஞ்சளையே தேடி வாங்கினதுதான். இதைப் படிச்சதும் எனக்கு நம்ம குங்குமம்தான் ஞாபகம் வந்துச்சு. நல்ல சிவப்பா இருக்குன்னுதானே நானும் வாங்கினேன்!

சரி, அந்த அக்கா காட்டின மினரல் மேக்கப்புக்கு என்ன பதில்? அதுல பெரும்பாலும் மூணு பொருள் இருக்கும்.

முதல்ல வெள்ளை. டைட்டானியம் டை ஆக்சைடு. 1791-ல இங்கிலாந்துல கோர்ன்வால் பக்கம் வில்லியம் கிரெகர்னு ஒரு பாதிரியார் ஆத்துக் கறுப்பு மணல்ல டைட்டானியத்தைக் கண்டார். அந்த மணலுக்கு இல்மனைட்னு பேரு. தமிழ்நாட்டுல மணவாளக்குறிச்சி கடற்கரையில இருக்கு. நம்ம நாட்டுல கிந்தா பள்ளத்தாக்குல ஈயம் எடுத்து மிஞ்சின 'அமாங்' மணல்லயும் இருக்கு. (நாம ஈயலம்பம்னு சொல்றது வெள்ளீயம், தீமா. இவ்வளவு நேரம் நான் சொன்ன விஷ ஈயம் காரீயம். ரெண்டும் வேற வேற.) கறுப்பு மணலை ஃபேக்டரியில பிரிச்சு எடுத்தாத்தான் வெள்ளைப் பொடி வரும். ஈய வெள்ளையோட இடத்தை இது பிடிச்சது பெரிய நன்மை.

ரெண்டாவது இரும்பு ஆக்சைடு. காவிக்கல்லைத் தோண்டி அப்படியே டப்பாவுல போடறாங்கன்னு நெனைக்காதீங்க. மண்ணுல இருந்து எடுக்கிறதுல காரீயம், ஆர்சனிக் கலந்திருக்கலாம்ங்கறதால, முகத்துக்குப் போடறதை ஃபேக்டரியிலயே சுத்தமா செய்யறாங்க. 'இயற்கை'ன்னு எழுதியிருக்கிற டப்பாவுல பாதுகாப்பான பகுதியே மனுஷன் செஞ்சதுதான்.

மூணாவது மினுமினுப்பு. அது மைக்கா, நம்ம ஆளுங்க காக்காப்பொன்னுன்னு சொல்றது. உலகத்துக்கு நிறைய போறது இந்தியாவுல ஜார்க்கண்ட், பீகார் பக்கம். மூடிப்போன சுரங்கத்துல சின்னப் பிள்ளைங்க கையால கிளறிப் பொறுக்கறாங்க. 2016-ல ராய்ட்டர்ஸ் விசாரிச்சப்போ, ரெண்டு மாசத்துல ஏழு பிள்ளைங்க இறந்திருந்தது வெளிய வந்துச்சு. அதனால 'தோலுக்கு நல்லதா'ங்கறதோட 'யார் கை பட்டு வந்தது'ங்கறதையும் கேட்கணும்.

அந்த அக்காவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அக்கா, இயற்கையான்னு கேட்காதீங்க. எந்தக் கல்லு, யார் செஞ்சது, யார் சோதிச்சதுன்னு கேளுங்க." மலேசியாவுல ஒப்பனைப் பொருளுக்கு என்.பி.ஆர்.ஏ. நோட்டிபிகேஷன் எண் இருக்கணும். ஆசியான் வழிகாட்டியில காரீயம் கிலோவுக்கு 20 மில்லிகிராம், ஆர்சனிக் 5, பாதரசம் 1 இதைத் தாண்டக்கூடாது. வீட்டுல தண்ணியில கரைச்சு, விரல்ல தேய்ச்சு ஈயம் இருக்கா இல்லையான்னு சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்துலதான் தெரியும். கண்ணுக்குத் தெரியறது நிறம் மட்டும்தான். அதுதான் நம்மளை ஏமாத்துறதும்.

இப்போ நம்ம கோயிலுக்கு வர்றேன். மிச்சமிருந்த பழைய குங்குமத்தை எடுத்துட்டோம். கமிட்டியில பேசி, இனிமே சேர்மானமும் முகவரியும் லாட் நம்பரும் இல்லாத பொட்டலம் உள்ளே வராதுன்னு முடிவு பண்ணோம். அர்ச்சனைக்கு மாதர் பிரிவு அக்காங்க கோயில் மடப்பள்ளிக்குப் பின்னாலயே குங்குமம் செய்யறாங்க. தூள் வாங்கறது இல்ல, விரலி மஞ்சளை வாங்கி நாமே இடிக்கிறோம். ஆடி வெள்ளிக்கு வந்தது அந்தக் குங்குமம்தான். அரைச்ச செங்கல் மாதிரி ஒரு சிவப்பு, அவ்வளவுதான் வரும். சாயம் போட்டா இன்னும் சிவக்கும். போட மாட்டோம்.

இதுலயும் காரம் உண்டு. அதனால கைக்குழந்தைக்கும், புண் இருக்கிற இடத்துலயும் வைக்காதீங்க. பிள்ளைங்க வாயில போடாம பார்த்துக்குங்க. அரிச்சா உடனே கழுவிட்டு எங்ககிட்ட வந்து சொல்லுங்க. சொல்லக் கூச்சப்படாதீங்க. அந்த அம்மா சொல்லலைன்னா நான் இந்த வருஷமும் அதே கடைக்குத்தான் போயிருப்பேன்.

அந்தப் பிள்ளை போன வெள்ளிக்கிழமை வந்துச்சு. குங்குமத் தட்டை நீட்டாம, அவங்க அம்மாவை மட்டும் பார்த்தேன். அவங்க சிரிச்சுக்கிட்டே, "கோயில்ல செஞ்சதுதானே அண்ணே, வைங்க"ன்னாங்க. சின்னதா ஒரு பொட்டு வச்சேன். மங்கலாத்தான் இருந்துச்சு.

குங்குமம் செய்யற நாள்ல மஞ்சள் இடிக்க ஆள் வேணும். சனிக்கிழமை காலையில நேரம் இருக்கிற தம்பி தங்கச்சிங்க வாங்க, பசியாற ஏற்பாடு உண்டு. எழுத்துல பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

அம்மன் துணை.